நடு டிரேயைப் பாருங்கள்

சர்க்கரை ஆலையோடு சேர்ந்த டிஸ்டில்லரியில் புதிதாகச் சேரும் பையன்கள், ஸ்பிரிட் வடிக்கும் டவர் உச்சியின் வெப்பநிலையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "அண்ணே, மேல 78 நிக்குது, ஸ்பிரிட் நல்லாத்தான் வருது" என்பார்கள். அந்த எண்ணை நம்பாதே என்றுதான் முதலில் சொல்லிக்கொடுப்பேன்.

சுத்த எத்தனால் 78.3 டிகிரியில் கொதிக்கும். எடையில் 95.6 சதவீத எத்தனாலும் மீதி தண்ணீருமான கலவை 78.2-இல் கொதிக்கும். வீரியம் 90-க்கு இறங்கினாலும் அரை டிகிரிகூட மாறாது. ஆவியைத் திரவமாக்கும் கண்டென்சரின் அழுத்தம் 10 மி.மீ. பாதரசம் அசைந்தாலே வெப்பமானி முள் ஏறக்குறைய அவ்வளவு நகர்ந்துவிடும். டவருக்குள் அடுக்கடுக்காக இருக்கும் தட்டுகள்தான் டிரே. நடு டிரே அப்படியல்ல. தண்ணீர் மேலே ஏறத் தொடங்கியதும் அங்கே 83, 85, 88 என்று ஓடும். உச்சியில் தெரிவதற்குள் எடுப்பைக் (வெளியே எடுக்கும் ஸ்பிரிட்டை) குறைத்து ரிஃப்ளக்ஸைக் (டவருக்கே திரும்ப விடும் ஸ்பிரிட்டை) கூட்டிவிடலாம்.

கலவையில் ஒவ்வொரு திரவமும் தன் மூலக்கூறு பங்குக்கு ஏற்ற ஆவி அழுத்தம் தரும் என்பது ரவூல் விதி. பென்சீனும் டொலுவீனும் அதற்கு ஏறக்குறைய கட்டுப்படும். எத்தனாலும் தண்ணீரும் கட்டுப்படாது. தண்ணீர் தன் இனத்தோடு இறுகப் பிடித்துக்கொண்டு எத்தனாலை வெளியே தள்ளும். அதனால்தான் எடையில் 10 சதவீத எத்தனால் உள்ள வாஷ் (நொதித்த கரைசல்) கொதித்தால், எழும் ஆவியில் பாதி எத்தனால். எவ்வளவு பெரிய உதவி இது! ஆனால் வீரியம் ஏற ஏற அந்த உதவி தேய்ந்து, 95.6-இல் ஆவியும் திரவமும் ஒரே கலவையாகிவிடும். அதற்குமேல் எத்தனை டிரே போட்டாலும் பயனில்லை.

அழுத்தத்தைச் சுமார் 70 மி.மீ.க்குக் கீழே இறக்கினால் இந்தத் தடை மறையும். ஆனால் அங்கே எத்தனால் 28 டிகிரியிலேயே கொதிக்கும். நம் ஊர் கோடையில் கூலிங் டவர் தண்ணீர் அந்த ஆவியைக் குளிர்விக்காது. முன்பு பென்சீன் சேர்த்து மீதித் தண்ணீரைப் பிரித்தார்கள். புற்றுநோய் தரும் பொருள், போனதே நல்லது. இப்போது மாலிக்யூலர் சீவ், அதாவது மூலக்கூறு சல்லடை. 3 ஆங்ஸ்ட்ராம் துளைக்குள் தண்ணீர் நுழையும், எத்தனால் நுழையாது.

சீவ் நிரப்பிய படுகையை வெற்றிடத்தில் உலர்த்தும்போது வெளிவரும் தண்ணீர் கலந்த ஸ்பிரிட் திரும்ப டவருக்கே வரும். அப்போது நடு டிரே வெப்பநிலை கொஞ்சம் ஆடும். பதறி ஸ்டீம் வால்வில் கை வைக்க வேண்டாம். ஒரு படுகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.