டிசம்பருக்குப் போன மே மாத பில்

"தம்பி, டிசம்பர்ல யாருக்குப் பில் போட்டோம்?"

கணக்கு பார்க்கும் அண்ணன் போனில் இப்படிக் கேட்டபோது 2023 செப்டம்பர்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையில் இருந்தது நான் அனுப்பிய ரிப்போர்ட்.

ஒரு நூல் மொத்த வியாபாரக் கடையின் ஏப்ரல் முதலான பில் கணக்கை எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸுக்கு மாற்றித் தரும் வேலை. எக்செல் ஷீட்டாகக் கொடுத்தார்கள். தேதி ஃபீல்டை முதலில் வார்ச்சாராகவே, அதாவது வெறும் எழுத்தாகவே ஏற்றிவிட்டேன், பிறகு க்வெரியில் (டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளையில்) மாற்றிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில்.

திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு ரகம். சில வரிகளில் 13/04/2023. சில வரிகளில் 45265 மாதிரி வெறும் எண். எக்செல் தேதியை உள்ளுக்குள் நாள்கணக்காகத்தான் வைத்திருக்கும் என்பதால் எண்ணைப் பார்த்துப் பதறவில்லை. எழுத்து வரிகளுக்கு, எழுத்தைத் தேதியாக்கும் கன்வெர்ட், ஸ்டைல் 103. அது நாள், மாதம், வருடம் என்ற வரிசை. 103 போடாவிட்டால், அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கும் சர்வர் 13-ஐ மாதமாகப் படித்து எரர் கொடுக்கும்.

எண்களுக்கு, 1900 ஜனவரி 1-உடன் அத்தனை நாளைக் கூட்டித் தரும் டேட்ஆட். சோதிக்க, புது ஷீட்டில் ஏப்ரல் 1, 2023 என்று அடித்து ஜெனரல் ஃபார்மட்டுக்கு மாற்றினேன்: 45017. அதையே க்வெரியில் கொடுத்தால் ஏப்ரல் 3 வந்தது. எக்செல் 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று எண்ணும். சர்வருக்கு அது பூஜ்யம். அதில் ஒரு நாள் வித்தியாசம். இன்னொரு நாள், 1900-இல் இல்லவே இல்லாத பிப்ரவரி 29. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய ஸ்ப்ரெட்ஷீட்டுடன் ஒத்துப்போக எக்செல் அந்தத் தப்பையும் சேர்த்தே வைத்துக்கொண்டது. இரண்டைக் கழித்தேன். எரர் இல்லை, வரிகளின் எண்ணிக்கையும் சரி. அனுப்பிவிட்டேன்.

போன் வந்தபிறகு எண் வரிகளை மட்டும் தனியே எடுத்து, நாள்வாரியாக குரூப் பை போட்டுத் தொகுத்தேன். நாள் 4 முதல் 9 வரை மட்டும். ஆறு மாத வியாபாரத்தில் 10-ஆம் தேதி ஒரு பில்கூடக் கிடையாது! மாதமோ ஜனவரி தொடங்கி டிசம்பர் வரை. ஷீட்டில் எழுத்தாக இருந்த தேதிகளில் நேர்மாறு: 13-க்குக் குறைந்த நாளே இல்லை.

அப்போதுதான் உறைத்தது. பில்லிங் சாஃப்ட்வேர் கொடுத்த சிஎஸ்வி ஃபைலை (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) யாரோ அமெரிக்கத் தேதி அமைப்பு உள்ள கம்ப்யூட்டரில் திறந்து சேமித்திருக்கிறார்கள். 12/05/2023 டிசம்பர் 5 ஆகிவிட்டது, அதாவது 45265. 13/05-க்கு 13-ஆம் மாதம் இல்லாததால் எக்செல் அதைத் தொடாமல் எழுத்தாகவே விட்டுவிட்டது. நான் சந்தேகப்பட்ட எழுத்து வரிகள்தான் சுத்தமாக இருந்தன. எக்செல் அழகாகத் தேதியாக்கிக் கொடுத்தவைதான் கெட்டுப்போயிருந்தன.

திருத்துவது சுலபம். எண் வரிகளைத் தேதியாக்கி, வருடம், மாதம், நாளைச் சேர்த்துத் தேதியாக்கும் டேட்ஃப்ரம்பார்ட்ஸில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றினேன். இந்தத் தடவை எண்ணிக்கையை நம்பவில்லை. பில் நம்பர் வரிசைப்படி லேக் (முந்தைய வரியின் மதிப்பை எடுத்துத் தருவது) போட்டு, முந்தைய பில்லின் தேதிக்கும் முன்னால் போகும் தேதிகளைத் தேடினேன். ஒன்பது வரி சிக்கியது, எல்லாமே 1900 ஜனவரி 1. ஷீட்டில் தேதி காலியாக இருந்தவை. காலி எழுத்தைத் தேதியாக மாற்றச் சொன்னால் சர்வர் எரரும் தராது, நல்லும் (null, மதிப்பே இல்லை என்ற குறி) தராது. சத்தமில்லாமல் 1900-ஐக் கொடுக்கும். மாற்ற முடியாததை எரருக்குப் பதில் நல்லாக்கும் ட்ரை கன்வெர்ட்டும் இதில் காப்பாற்றாது. முன்னால் நல்இஃப் போட்டுக் காலியை நல்லாக்க வேண்டும்.



அந்த ஒன்பதுக்கும் அண்ணனே பில் புக்கை எடுத்து வைத்துக்கொண்டு கார்பன் காப்பியைப் படித்தார். நான் 20230512 என்கிற எட்டு இலக்க வடிவில் அடித்துக்கொண்டே வந்தேன். அதை எந்த அமைப்பில் இருக்கும் சர்வரும் மாற்றிப் படிக்காது.

"அடுத்தது நாலு, ஏழு."

"ஏழாம் மாசம் நாலாந் தேதியாண்ணா, நாலாம் மாசம் ஏழாந் தேதியா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஜூலை நாலு தம்பி. வேற எப்படிப் படிப்பாங்க?"