சேவல் காணிக்கை வாங்கும் ராஜா

தாய்லாந்தில் அயுத்தயா போகிற நம்மவர்கள் வாட் யாய் சாய் மோங்கோன் கோயிலில் காவி போர்த்திய புத்தர் வரிசையையும் அந்தப் பெரிய கோபுரத்தையும் போட்டோ எடுத்துவிட்டு அப்படியே வேனில் ஏறிவிடுகிறார்கள். பின்பக்கம், அயுத்தயாவை ஆண்ட நரேசுவன் ராஜாவுக்கு ஒரு சன்னதி இருக்கிறது. திருநெல்வேலிக்காரன் பார்க்க வேண்டியதே அதுதான் என்பேன்.

சுற்றிலும் சேவல், எங்கே திரும்பினாலும் சேவல் பொம்மைதான். கைக்குள் அடங்குவதிலிருந்து ஆள் உயரம் வரை, சிவப்புக் கொண்டையும் வெள்ளை வாலுமாக நிற்கின்றன, பழசில் பெயிண்ட் உரிந்து சிமெண்டு தெரிகிறது. சின்னப் பையனாக இருந்தபோது நரேசுவனைப் பர்மாக்காரர்கள் பிணையாகத் தங்கள் தலைநகர் பெகுவுக்குக் கொண்டுபோனார்கள், அங்கே இவர் சேவல் அந்த ஊர் இளவரசன் சேவலை அடித்துப்போட்டது என்று கதை. பிற்பாடு 1590இல் பட்டத்துக்கு வந்தவர், அதே இளவரசனை யானைமேல் இருந்தபடியே வெட்டிச் சாய்த்தார் என்பது தாய்லாந்துக் கணக்கு. பர்மாக்காரர்களைக் கேட்டால் குண்டடி பட்டுச் செத்தான் என்பார்கள், அது கிடக்கட்டும்.

அதனால் வேண்டுதல் பலித்தால் ராஜாவுக்குச் சேவல். சுடலைமாடனுக்குச் சேவல் நேர்ந்துவிடுகிற ஊரில் பிறந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். அறுப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம், புத்தர் கோயிலாச்சே.

நம்ம பக்கம் ராஜாக்களுக்கு இந்தக் கொடுப்பினை குறைவு. கயத்தாறில் கட்டபொம்மனை 1799இல் தூக்கிலிட்ட இடத்தில் அந்த வழியாகப் போகிறவர்கள் ஆளுக்கொரு கல் போட்டுப் போட்டு ஒரு குவியலே இருந்ததாம், இப்போது சிலையும் வருஷத்துக்கொரு நாள் மாலையும் இருக்கின்றன, அவரிடம் போய் யாரும் பிள்ளை வரம் கேட்பதாகத் தெரியவில்லை. விதிவிலக்கு என்றால் பூலித்தேவர். கும்பினிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போகும்போது சாமி கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சங்கரன்கோவில் கோயிலுக்குள் போனாராம், கைவிலங்கு தெறித்து விழுந்ததாம், ஆள் ஜோதியோடு மறைந்துவிட்டாராம். கோயிலுக்குள்ளேயே அவர் பேரில் ஒரு அறை இருக்கிறது. ஆடித்தபசுக் கூட்டம் கோமதியம்மனைப் பார்த்துவிட்டு, புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பாமலே வெளியே வந்துவிடுகிறது. எனக்கு அது ஆறவே இல்லை. சிலைக்கு மாலை போட ஒரு அதிகாரியோ கட்சிக்காரரோ வந்தால் போதும், சன்னதிக்குத்தான் தேவை உள்ள சனம் வேண்டும்.

சரி, அயுத்தயா போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாங்காக்கிலிருந்து 80 கிலோமீட்டர் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். மத்தியான வெயிலில் அந்தத் தரையில் செருப்பைக் கழற்றினால் பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலே தேவலை என்று ஆகிவிடும்.