201.1-க்குப் பதில் வாங்குதல்

மார்ச் 4, 2025

எதிர்த்தரப்புப் பதில்கள் மின்னஞ்சலில் வந்துவிட்டன. கலிபோர்னியாவில் வேலை வழக்குகளுக்கென்றே கோர்ட் போட்ட கேள்விப் படிவம் உண்டு, டிஸ்க்-002. அதில் 201.1-ஆம் கேள்விதான் உயிர்நாடி: ஏன் வேலையை விட்டு நீக்கினீர்கள், முடிவெடுத்தது யார் யார், எந்த ஆவணத்தை வைத்து. எங்கள் கட்சிக்காரர் மருத்துவ விடுப்பு முடிந்து திரும்பிய கையோடு வேலை போனவர். வந்த பதில்: கேள்வி தெளிவற்றது, மிகப் பரந்தது, சுமையானது, ஆட்சேபங்களை விட்டுக்கொடுக்காமல் சொன்னால் 'தொழில் காரணங்களுக்காக' நீக்கப்பட்டார். கோர்ட்டே எழுதிய கேள்வி தெளிவற்றதாம்! முடிவெடுத்தது 'மனிதவளத் துறை'யாம். துறைக்கு ஏது கையும் பேனாவும்?

மார்ச் 6

சத்தியக் கையெழுத்தோடு வந்த பதில் என்பதால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. 45 நாள், மின்னஞ்சலில் வந்ததால் இன்னும் இரண்டு கோர்ட் நாள், ஆக ஏப்ரல் 22. அதற்குள் மோஷன், அதாவது முழுப் பதில் தரச் சொல்லுங்கள் என்று கோர்ட்டைக் கேட்கும் மனு, போகாவிட்டால் கூடுதல் பதில் கேட்கும் உரிமையே போச்சு. 'அனுப்புகிறோம், கொஞ்சம் பொறுங்க' என்று இனிக்க இனிக்கப் பேசியே நாளைக் கடத்துவார்கள், அதனால் அவகாசம் கொடுத்தாலும் தேதி போட்டு எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

மார்ச் 19

மோஷனுக்கு முன் பேசிப் பார்த்தோம் என்று காட்டியாக வேண்டும், அதனால் போன். 201.1 பற்றி மழுப்பல். அதே மேலாளரிடம் வேலை பார்த்த மற்றவர்களின் விவரம் கேட்டால் 'அந்தரங்கம்' என்கிறார்கள். இதற்கு முன்தீர்ப்பு இருக்கிறது: மார்ஷல்ஸ் கடை ஊழியர் வில்லியம்ஸ், மாநிலம் முழுக்க உள்ள சக ஊழியர்களின் தொடர்பு விவரம் கேட்டபோது கீழ்க்கோர்ட் அவர் வேலை பார்த்த ஒரே கடைக்குள் சுருக்கியது, 2017-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தக் கீழ்க்கோர்ட் உத்தரவைத் தள்ளியது. சுமை என்றால் எவ்வளவு சுமை என்பதை ஆட்சேபிக்கிறவர்தான் காட்ட வேண்டும். அந்தரங்கமா, ஊழியர்களுக்கு நோட்டீஸ் அனுப்பலாம், வேண்டாதவர் விலகிக்கொள்ளட்டும். எங்கள் வக்கீலம்மா இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார், அந்தப் பக்கம் 'பார்க்கிறோம்' என்றதோடு சரி.

ஏப்ரல் 14

மோஷனோடு வைக்க வேண்டிய தனி அறிக்கை. ஒவ்வொரு கேள்வியும், அவர்கள் பதிலும் வரி மாறாமல், கீழே ஏன் போதாது என்ற காரணம், 'மேலே பார்க்க' என்று தப்பிக்க முடியாது. அலுப்பான வேலைதான், ஆனாலும் வாதுரையைவிட நீதிபதியின் கண் இதில்தான் விழும் என்பது என் எண்ணம். அதே ஆட்சேபம் பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வருவதைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

ஏப்ரல் 16

தாக்கல் ஆச்சு.

ஜூன் 10

விசாரணை நாளைக்கு, தற்காலிக உத்தரவு, அதாவது நீதிபதி முன்கூட்டியே சொல்லும் உத்தேச முடிவு, மூன்று மணிக்கு முன்பே வந்துவிட்டது. 201.1-க்கு முழுப் பதில், பெயர்களோடு, 20 நாளில். சக ஊழியர் விவரம் ஒரே கிளைக்கு மட்டும், இதில் எனக்கு மனக்குறைதான். அபராதம் கேட்டதில் பாதி. நான்கு மணி வரை எதிர்க்கலாம், யாரும் எதிர்க்கவில்லை.

ஜூலை 1

'மனிதவளத் துறை' இப்போது மூன்று பெயர்களாகியிருக்கிறது. ஒருவர், விடுப்பு விண்ணப்பத்துக்கு 'இப்பவே போகணுமா?' என்று மின்னஞ்சல் போட்ட அதே மேற்பார்வையாளர். முதல் டெபொசிஷன் (சத்தியம் செய்து வாய்மொழியாகப் பதில் சொல்லும் வாக்குமூலம்) நோட்டீஸ் அவருக்குத்தான்.