முடியாதா, வேண்டாமா

“முடியாதுங்கறயா, வேண்டாங்கறயா அம்மிணி?” என்று கேட்டார், எனக்கு வேலை கொடுக்கிற, நான் அண்ணன் என்று கூப்பிடுகிற எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர். “முடியாதுங்கண்ணா” என்றேன். “சரி, வேற பாத்துக்கறேன்” என்று போனை வைத்துவிட்டார். குரலில் கோபம்கூட இல்லை. என்னைப் போல ஜாப் ஒர்க் எடுக்கிறவர்கள், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறவர்கள், ஆர்டரைத் திருப்பிவிடுவது திருப்பூரில் நடக்காத விஷயமும் இல்லை. ஆனாலும் அவர் ஏன் அப்படிப் பிரித்துக் கேட்டார் என்பது இன்னமும் என்னை உறுத்துகிறது.

2025 ஆகஸ்ட். இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட 25 சதவீத வரி 7-ஆம் தேதியே ஏறிவிட்டது. இன்னொரு 25 சதவீதம் 27-ஆம் தேதி ஏறப்போகிறது. அதற்கு முன்னால் சரக்கு அங்கே போய் இறங்கிவிட்டால் இரண்டாவது வரியிலிருந்து தப்பிக்கலாம். கப்பலை நம்பினால் ஆகாது, விமானத்திலாவது ஏற்றிவிடலாம் என்று அண்ணன் வேலை பார்க்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் முடிவெடுத்திருந்தார்கள். 5,000 டி-ஷர்ட். கட்டிங் முடிந்து கட்டுக் கட்டாகக் கிடக்கிறது, தைத்து, செக்கிங் பார்த்து, அயர்ன் போட்டுக் கொடுத்தால் போதும் என்றார். ரேட்டும் வழக்கத்தைவிடக் கூட்டித்தான் சொன்னார்.

அந்த நேரத்தில் என் யூனிட்டில் வேறு இரண்டு ஸ்டைல் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றுக்கு வாஷ்கேர் லேபிள் வந்து சேரவில்லை. இன்னொன்றுக்கு வந்த நூல் கோனின் கலர் துணியோடு சேரவில்லை. கை, அடி மடிப்புத் தைக்கிற பேட்லாக் மெஷின் ஒன்று தையலை விட்டு விட்டுப் போட்டது. 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்கான 3பி படிவம் தாக்கல் செய்ய வேண்டும், ஆடிட்டர் ஆபீஸிலிருந்து பில்களைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சனிக்கிழமை வாரச் சம்பளம். எனக்கு வர வேண்டிய பில் பணமோ வரவில்லை. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். தராவிட்டால் பணம் தர வேண்டியவர் அந்த ஆண்டுச் செலவில் அதைக் கழிக்க முடியாது என்று 2023-ல் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவையே சேர்த்தார்கள். இருந்தும் பாக்கியைக் கேட்கத் தயங்குகிறவள் நான். கேட்டால் அடுத்த ஆர்டர் வேறு யூனிட்டுக்குப் போய்விடுமோ என்ற பயம் எனக்கு மட்டும் உள்ளதல்ல.

இதெல்லாம் புதிதில்லை. எல்லா மாதமும் இப்படித்தான். அன்றைக்கு வேறாக இருந்தது ஒன்றே ஒன்று. போன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் செக்கிங் டேபிளில் மெஷர்மென்ட் சார்ட்டை வைத்துக்கொண்டு நின்றேன். மார்பளவு, உயரம், தோள் எல்லாம் வருடக்கணக்காகப் பார்க்கிற எண்கள்தான். ஒன்றும் தலையில் ஏறவில்லை. அதே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பக்கத்தில் ஒரு ஹெல்பர் பெண், “அக்கா, இதப் பாஸ் பண்ணட்டுமா?” என்று ஒரு பீஸை நீட்டிக்கொண்டு நின்றாள். அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. கோபமோ அழுகையோ வரவில்லை. பார்க்கிறேன், ஆனால் பார்த்தது உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். அந்த நிலையில் எடுத்த போன் அது.

என் பக்கம் நியாயம் இருக்கிறது. 5,000 பீஸ் லாட் என்றால் பையர் தரப்பு இன்ஸ்பெக்ஷனில் பொதுவாக 200 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்கிற அளவுகோலான ஏக்யூஎல் 2.5 என்றால் மேஜர் டிபெக்ட், அதாவது பெரிய குறை, 10 வரைக்கும் பாஸ், 11 வந்தால் மொத்த லாட்டும் பெயில். பெயிலானால் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி செக்கிங். மற்ற மாதமாக இருந்தால் இரண்டு நாள் தள்ளிப்போகும், திட்டுவார்கள், முடிந்துவிடும். இந்தத் தடவை இரண்டு நாள் தள்ளினால் இன்னொரு 25 சதவீதம். அது யார் தலையில் விழும்? என் பில்லில் கழித்துக்கொள்கிற டெபிட் நோட்டாக என் தலையில் விழுந்தாலும் ஆச்சரியமில்லை. ஒரு பீஸைப் பார்த்து முடிவு சொல்லத் தெரியாமல் நின்றவள் அந்த 5,000 பீஸுக்கு எப்படிப் பொறுப்பேற்பது? அப்படிப் பார்த்தால் முடியாது என்று சொன்னதுதான் அண்ணனுக்கு நான் செய்த நேர்மையான உதவி.

ஆனால் இந்த நியாயம் எல்லாம் போனை வைத்த பிறகு வந்தது. பேசும்போது இன்ஸ்பெக்ஷன் என் நினைப்பிலேயே இல்லை. இன்னும் ஒரு போன்கால்கூட எனக்கு வேண்டாம் என்று மட்டும்தான் இருந்தது. அவர் அதைக் கண்டுபிடித்துத்தான் அப்படிக் கேட்டாரோ?

2020 ஊரடங்கில் யூனிட்டைத் திறந்தபோது மாஸ்க் தைக்கிற வேலையை முதலில் கொடுத்தவர் அவர்தான். அதில் பெரிய லாபம் கிடையாது. ஆனால் அந்த வேலை இல்லாவிட்டால் மெஷினை விற்றிருப்பேன். நூல் விலை தாறுமாறாக ஏறிய 2022-லும் பீஸ் ரேட்டில் கைவைக்காமல் கொடுத்தார். அப்படிப்பட்டவருக்கு நெருக்கடி வந்து என்னைக் கூப்பிட்டபோது நான் சொன்ன பதில் அது. நன்றி என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிவிட்டு, அப்புறம் சரக்கைக் கெடுத்துக் கொடுத்தால் மட்டும் நன்றியா என்றும் தோன்றுகிறது. இரண்டும் மாறி மாறித் தோன்றுகிறது.

மறுநாள் ஓவர்லாக் டைலர் ஒருவர், எங்களிடம் பல வருடமாக இருக்கிறவர், டீ நேரத்தில் வந்தார். விஷயம் அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. “எடுத்திருக்கலாமேக்கா. பசங்க ஒன்றரை ஷிப்ட் பாக்க ரெடியாத்தான் இருந்தாங்க. ஞாயித்துக்கெழம கூட வந்திருப்போம்.” எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர்களைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மெஷின் முப்பது சொச்சம் இருந்தது, ஆள் இருந்தது, அவர்களுக்கு விருப்பமும் இருந்தது. இல்லாதது என் மண்டையில் இடம் மட்டும்தான். அதற்காக அவர்களுடைய ஓவர்டைம் சம்பளம் போனது. 27-ஆம் தேதிக்குப் பிறகு அமெரிக்க ஆர்டர் நின்று, செப்டம்பரில் பாதி மெஷின் சும்மா இருந்தபோது இது எனக்கு இன்னும் கனத்தது. தீபாவளி வேறு அக்டோபர் 20-ஆம் தேதியே வந்துவிட்டது. போனஸுக்குப் பணம் புரட்டியது தனிக்கதை.

வேலையைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன். ஜிஎஸ்டி, இஎஸ்ஐ, பிஎஃப் எல்லாவற்றையும் முழுதாக ஆடிட்டர் ஆபீஸுக்கே விட்டுவிட்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் லைன் சூப்பர்வைசரிடம் இருக்கும். நினைவில் வைத்துக்கொண்டிருந்ததை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுகிறேன். தூக்கம் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் ரேட் பேசுவதையும், ஆர்டரை எடுப்பதா விடுவதா என்பதையும் யாரிடம் கொடுப்பது? அதைக் கற்றுக்கொண்டவர் பத்து மெஷின் போட்டுத் தனியாகக் கிளம்பிவிடுவார். அதில் தப்பே இல்லை, நானும் சூப்பர்வைசராக இருந்து அப்படி வந்தவள்தான். இந்த ஊர் வளர்ந்ததே அந்த வழியில்தான். அதனால் முப்பது மெஷின்காரியின் தலைக்குள் இருக்கிற கூட்டம் ஓரளவுக்கு மேல் குறையாது என்றுதான் எனக்குப் படுகிறது. குறைந்துவிட்டது என்று சொல்கிறவர்களுக்குக் கூடப்பிறந்தவர் யாராவது தொழிலில் இருப்பார்கள்.

அண்ணனை அப்புறம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பிள்ளைகள் படிப்பைப் பற்றிக் கேட்டார், நன்றாகத்தான் பேசினார். அந்த 5,000 பீஸ் நேரத்துக்குப் போனதா என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. போயிருந்தால் நான் இல்லாமலே நடந்திருக்கிறது. போகவில்லை என்றால் அதைக் கேட்டுத் தாங்கியிருக்க மாட்டேன். இப்போது சின்னச் சின்ன லோக்கல் ஆர்டர்களாக அனுப்புகிறார். அவரிடமே அவ்வளவுதான் இருக்கிறதா, என்னை நம்பி அவ்வளவுதான் தருகிறாரா, தெரியாது.

இனிமேல் எந்த ஆர்டரையும் உங்களைக் கேட்காமல் மறுக்க மாட்டேன் என்று அந்த ஓவர்லாக் டைலரிடம் சொன்னேன். அவர் உடனே, “எங்களக் கேட்டா நாங்க எப்பக்கா வேண்டாம்னு சொல்லுவோம்?” என்றார். நியாயம்தான். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர் வேலையை எப்படி வேண்டாம் என்பார்? காய்ச்சலோடும் வந்து உட்காருகிறவர்கள் அவர்கள். அப்படியானால் வேண்டாம் என்று சொல்கிற வேலை திரும்பவும் எனக்குத்தான். இருந்தாலும் கேட்கிறேன். போன வாரம்கூட ஒரு அவசர ஆர்டருக்குக் கேட்டேன். எல்லோரும் சரி என்றார்கள், எடுத்துக்கொண்டேன்.