துருப்பிடிக்காத யூனோஸ் ரோட்ஸ்டரைத் தேடி

முப்பது வயதைக் கடந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்கப் போகிறவர், முதலில் எஞ்சின் மூடியைத் திறக்கச் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கூரையை மடக்கச் சொல்லி, இருக்கைகளுக்குப் பின்னால் இரு மூலைகளிலும் உள்ள மழைநீர் வடிகால் துளைகளைத் தேடிப் பிடித்து, அவற்றில் ஊற்றும் தண்ணீர் தரைக்கு வந்து சேர்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பல ஆண்டுகள் ஆசைப்பட்டு, நெடுநாள் தேடி, அண்மையில் பினாங்கில் என் பெயருக்கு மாற்றிக்கொண்ட முதல் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அதன் அழகைவிட இந்தத் துளைகளைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லத் தோன்றுகிறது. அந்த அழகு இத்தனை காலம் அழியாமல் இருப்பதற்கு அவையே காரணம்.

இந்தக் கார் 1989 பிப்ரவரியில் சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. அதே ஆண்டு ஜப்பானில், மாஸ்டாவின் யூனோஸ் என்ற விற்பனைப் பிரிவின் வழியாக, யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. தோஷிஹிகோ ஹிராய் தலைமையில் உருவான அதன் அமைப்பை இன்று படித்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது. எஞ்சின் முன்னால், அதன் விசை செல்வது பின் சக்கரங்களுக்கு, நான்கு சக்கரங்களுக்கும் மேலும் கீழும் இரண்டு கைகளால் சக்கரத்தைத் தாங்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், கியர்பெட்டியையும் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலையும் ஒன்றாகப் பிணைக்கும் ஓர் அலுமினியச் சட்டம், இத்தனையும் சேர்ந்து ஏறத்தாழ 940 கிலோ எடைதான். அதன் 1.6 லிட்டர் எஞ்சின் தரும் 120 குதிரைத்திறன் இன்றைய கணக்கில் பெரிதில்லை என்றாலும், இவ்வளவு இலேசான காருக்கு அது தாராளமாகப் போதும். நான் இடைநிலைப் பள்ளியில் படித்த காலத்தில் கெலுகோரில் எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே இப்படியொரு கார் நிற்கும். இருட்டத் தொடங்கியதும் அதன் முன்விளக்குகள் மூடியைத் தூக்கிக்கொண்டு எழுவதைப் பார்ப்பதற்காகவே மாடித் தாழ்வாரத்தில் காத்திருப்பேன். 1998-ல் வந்த இரண்டாம் தலைமுறையில் அந்த விளக்குகளை எடுத்துவிட்டார்கள். ஆகவே எனக்கு வேண்டியது எது என்பதில் ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை.

இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்பனையானது என்று 2000-ல் கின்னஸ் சான்று பெற்ற கார் இது. 2016 ஏப்ரலில் எல்லாத் தலைமுறைகளும் சேர்ந்து தயாரிப்பு பத்து லட்சத்தை எட்டியது. ஆனாலும் நம் நாட்டில் முதல் தலைமுறைக் கார் எளிதில் கண்ணில் படுவதில்லை. ஜப்பானிலிருந்து பயன்படுத்திய கார்களைக் கொண்டுவரும் வணிகர்களுக்கு வழங்கப்படும் இறக்குமதி உரிமம் பொதுவாக ஐந்து வயதுக்கு மேற்படாத கார்களுக்கே உரியது. எனவே தொண்ணூறுகளில் ரீகண்டிஷன் காராக, அதாவது வெளிநாட்டில் ஓடியபின் சரிசெய்து விற்கப்படும் காராக, இங்கே வந்து பதிவானவைதாம் இப்போது நம்மிடம் இருப்பவை; அவற்றில் ஒன்று துருப்பிடித்து ஒழிந்தால் எண்ணிக்கையில் ஒன்று குறையும், அந்த இடத்துக்கு வேறொன்று வராது. துருவைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எஞ்சினைப் பற்றி ஏன் அவ்வளவு கவலை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இதில் உள்ள பி6 குடும்ப எஞ்சின், மாஸ்டா 323, ஃபோர்டு லேசர் போன்ற கார்களின் வழியாக மலேசிய ஃபோர்மேன்களுக்கு, அதாவது பட்டறை மெக்கானிக்குகளுக்கு, நன்கு பழகியது. கெட்டுப்போனால் திறந்து சரிசெய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மாற்று எஞ்சினோ கியர்பெட்டியோ வேண்டுமென்றால் பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடைகளில் பொறுமையாக விசாரித்துப் பார்க்கலாம். காரின் உடலுக்கு அப்படி ஒரு கடை இல்லை. மழையில் கூரைமேல் விழும் தண்ணீர் பின்புற ஓரங்களில் வழிந்து, இருக்கைப் பட்டைத் தூண்களுக்கு அருகே உள்ள துளைகளில் இறங்கி, பின் சக்கரங்களுக்குச் சற்று முன்னால் தரையில் விழ வேண்டும். காய்ந்த இலையும் தூசியும் அந்தத் துளையை அடைத்துவிட்டால், கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டி போன்ற சைட் சில்லுக்குள் தண்ணீர் புகுந்து தேங்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே இரும்பு அரித்துக்கொண்டிருக்கும். பினாங்கின் மழையையும் கடற்காற்றையும் வைத்துப் பார்த்தால் இங்கே அது எவ்வளவு விரைவாக நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

இதைக் கண்ணாரப் பார்த்தது கோலாலம்பூரில், செகாம்புட்டில் ஒரு பட்டறை வாசலில். புதிதாகச் சிவப்பு அடித்த கார். உட்புறத்தில் புதிய தோல் உறை. விளம்பரத்தில் முழுமையாகப் புதுப்பித்தது என்று போட்டிருந்தார்கள். பின் சக்கர வளைவுக்கு முன்னால், சில்லின் கீழ் ஓரத்தில், மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை வைத்தேன். கதவுக்கு அருகில் பிடித்துக்கொண்டது. ஒரு சாண் தள்ளி வைத்ததும் வழுக்கி விழுந்தது. அந்த இடத்தில் பெயிண்ட்டுக்கு அடியில் இருந்தது இரும்பு இல்லை, புட்டி. பிறகு விற்பவரின் அனுமதியோடு ஒரு சிறு போத்தல் தண்ணீரைத் துளையில் மெதுவாக ஊற்றினேன். கீழே ஒரு சொட்டுக்கூட வரவில்லை. காரின் பக்கவாட்டைப் பிடித்து இலேசாக ஆட்டியபோது உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் என்னோடு வந்த நண்பருக்கும் கேட்டது. விற்பவர் விலையைக் கணிசமாகக் குறைக்க முன்வந்தார். அந்தச் சில்லை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க ஆகும் செலவு, அவர் குறைத்ததைப் போல் பல மடங்கு என்பதால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இப்படி மேலே பூசி மறைத்து விற்பதைப் புதுப்பித்தல் என்று அழைப்பது எனக்கு ஏற்புடையதில்லை. நல்ல நிலையில் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு கார் அங்கே வீணாகிக்கொண்டிருந்தது.

ஈப்போவில் பார்த்த காரில் துரு குறைவு. சிக்கல் தாள்களில் இருந்தது. கிராண்ட் எனப்படும் பதிவுச் சான்றிதழில் இருந்த எஞ்சின் எண்ணும் எஞ்சினில் பொறித்திருந்த எண்ணும் வேறு வேறு. எஞ்சின் மாற்றியதைச் சாலைப் போக்குவரத்துத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. "அதெல்லாம் சின்ன விஷயம் தம்பி, பார்த்துக்கலாம்" என்றார் விற்பவர். பெயர் மாற்றத்துக்கு முந்தைய, வாகனங்களைப் பரிசோதிக்கும் புஸ்பாகோம் நிறுவனத்தின் சோதனையில் சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்பதால், அது சின்ன விஷயமாக இருக்க வாய்ப்பே இல்லை.

இறுதியில் கார் கிடைத்தது வீட்டுக்கு அருகிலேயே, பாலத்தைக் கடந்தால் புக்கிட் மெர்தாஜாமில். ஓய்வுபெற்ற சீன ஆசிரியர் ஒருவர், தொண்ணூறுகளின் நடுவில் ரீகண்டிஷன் காராக வாங்கிப் பினாங்கில் பதிவு செய்து, இத்தனை ஆண்டுகளும் தாமே ஓட்டியிருக்கிறார். முட்டி வலியால் இவ்வளவு தாழ்வான காரில் ஏறி இறங்க முடியவில்லை என்பதால்தான் விற்க மனம் வந்ததாகச் சொன்னார். பிறையில் பட்டறை வைத்திருக்கும் ஃபோர்மேன் அண்ணனையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு காலையில் போனோம். 1992-ல் தயாரான கார், அடர்நீலம், பல இடங்களில் கல் பட்டுப் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. செகாம்புட் காரின் பளபளப்பில் பாதிகூட இல்லை.

"கூரையை மடக்கிக் காட்டுங்கள் அங்கிள்" என்று மலாயில் கேட்டேன். அவர் உடனே கொக்கிகளைக் கழற்றவில்லை. முதலில் பின்னால் போய், பிளாஸ்டிக் பின்கண்ணாடியைச் சுற்றியிருந்த ஜிப்பை மெதுவாகத் திறந்தார். கண்ணாடியைத் தட்டையாகப் படுக்கவைத்து அதன்மேல் ஒரு பழைய துண்டை விரித்தார். அதன் பிறகுதான் முன்பக்கக் கொக்கிகளை விடுவித்துக் கூரையைப் பின்னால் சாய்த்தார். ஜிப்பைத் திறக்காமல் மடக்கினால் அந்தப் பிளாஸ்டிக் மடிந்து, மடிந்த இடத்தில் விரிசல் விடும். அவசரக்காரர்கள் யாரும் இதைச் செய்வதில்லை. காரைப் பார்க்கப் போனவன் நான் என்றாலும், அந்த ஒரு நிமிடம் அவருடைய கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனத்தளவில் நான் அந்தக் காரை வாங்கியது அப்போதுதான்.

ஆனாலும் அண்ணன் விடவில்லை. துளையில் ஊற்றிய தண்ணீர் இரண்டு பக்கமும் தடையில்லாமல் சிமெண்டுத் தரையில் கொட்டியது. காந்தம் சில்லின் முழு நீளத்துக்கும் ஒட்டியது. அதன் பிறகே எஞ்சினுக்குப் போனார். 1991-ன் நடுப்பகுதி வரை வந்த எஞ்சின்களில், பிஸ்டன்களால் சுழலும் கிராங்க் தண்டின் முனை குட்டையானது. அங்கே பெல்ட் ஓடும் கப்பி தளர்ந்து தண்டையே கெடுத்துவிடும் குறை உண்டு. கப்பியின் முகப்பில் நான்கு வெட்டுகள் இருந்தால் அது குட்டை முனை, எட்டு இருந்தால் பின்னால் வந்த நீள முனை. அண்ணன் டார்ச் அடித்து எட்டு வரை எண்ணிவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். குளிர்ந்த எஞ்சினை முடுக்கியதும் மேலே டக் டக் என்று ஒரு சத்தம் வந்தது. வால்வுகளை இயக்கும் ஹைட்ராலிக் டாப்பெட்டில் எண்ணெய் ஏறியதும் அது அடங்கிவிட்டது. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலை மட்டும் பழுப்பேறியிருந்தது. எந்த நேரமும் விரிசல் விடலாம் என்று பொருள்.

அங்கிளைப் பக்கத்தில் உட்காரவைத்து செரோக் தோக்குன் பக்கமாக ஓட்டிப் பார்த்தேன். கியரை மாற்றக் கையை அசைக்க வேண்டியதில்லை, மணிக்கட்டு அசைந்தால் போதும். ஒவ்வொரு கியரும் சின்னச் சொடுக்கோடு போய் உட்கார்ந்தது. ஸ்டியரிங்கில் சாலையின் ஒவ்வொரு ஒட்டும் தெரிந்தது. இவ்வளவு காலம் மனத்தில் வளர்த்துவைத்த எதிர்பார்ப்புக்கு அந்தக் கார் ஈடுகொடுத்தது என்பதை மனநிறைவோடு பதிவு செய்கிறேன்.

விலை பேசுவதில் இழுபறி இல்லை. இவ்வளவு பழைய காருக்கு வங்கிக் கடனை எதிர்பார்க்க முடியாது என்பதால் தொடக்கத்திலிருந்தே ரொக்கமாகத்தான் சேர்த்துவந்தேன். அதில் ஒரு பகுதியைப் பழுதுபார்ப்புக்கென்று தொடாமல் வைத்திருந்தேன். வாங்க நினைக்கும் யாருக்கும் இதையே சொல்வேன். புஸ்பாகோம் சோதனை ஒரே நாளில் முடிந்தது. பெயர் மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் இருவரும் பெருவிரல் ரேகை வைத்தோம். 1,597 சிசி என்பதால் சாலை வரி ஆண்டுக்கு 90 வெள்ளி (ரிங்கிட்) தான். காப்புறுதிதான் கொஞ்சம் அலைய வைத்தது. சந்தை மதிப்பின்படி எடுத்தால் இத்தகைய காருக்கு உரிய தொகை கிடைக்காது. முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டில் குடும்பத்துக்கு மைவி கார் இருக்கிறது. இரண்டே இருக்கையா என்று மனைவி கேட்டது ஒரே ஒரு முறைதான்.

வாங்கியதும் செய்த முதல் வேலை, எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயங்கவைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றியது. 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது என்றாலும், தூரம் ஓடாவிட்டாலும் ரப்பர் முதுமை அடையும் என்பதால், தண்ணீர் பம்பையும் ரேடியேட்டரையும் குழாய்களையும் அதனுடன் சேர்த்தே மாற்றிவிட்டோம். பேட்டரி இந்தக் காரில் பின்பெட்டிக்குள் இருக்கிறது. சாதாரண பேட்டரியை வைத்தால் அமிலக் கசிவும் ஆவியும் பெட்டியின் தரையை அரித்துவிடும். அங்கிள் சரியான மூடிய வகையையே வைத்திருந்ததால் அங்கேயும் துரு இல்லை.

இப்போது ஞாயிறு விடிகாலையில் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் வரை, டுரியான் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கும் மலைச்சாலையில் ஓட்டுகிறேன். கூரையை மடக்கி ஓட்ட நம் ஊரில் அதுதான் நேரம். ஒன்பது மணிக்கு மேல் வெயில் தலையில் ஏறிவிடும். இனி மிச்சமிருப்பது கூரைத் துணியும், மஞ்சளேறிய அந்தப் பின்கண்ணாடியும். முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றை மாஸ்டா 2017-ல் ஜப்பானில் அறிவித்து, நின்றுபோன சில உதிரிபாகங்களை மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது. கூரைத் துணியும் அவற்றில் ஒன்று. அதை இங்கே வருவிக்க என்ன செலவாகும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். மழைக்காலம் தீவிரமாகும் முன் வந்துசேர்ந்தால் பிறையில் அண்ணனின் பட்டறையிலேயே மாற்றிவிடலாம். பழைய துணியைக் கழற்றும்போது வடிகால் துளைகளை முழுவதுமாகத் திறந்து கழுவவும் அதுவே வசதியான சமயம்.