நமுத்துப்போன நோட்டும் அம்மாவின் ஒரு வரியும்

போன நவம்பரில் கோத்தகிரியில் விடாத மழை. படிப்புக்காக வைத்திருந்த சினிமாக் குறிப்பு நோட்டை எடுத்தால் தாளெல்லாம் நமுத்து, ஜெல் பேனா மை ஊறிக் கிடக்கிறது. சரி, தெரிகிற வரைக்கும் படிப்போம் என்று புரட்டினால் அதைவிட வருத்தம். இத்தாலியப் படமான ‘பைசைக்கிள் தீவ்ஸ்’க்கு (1948) இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்: “வறுமை”, “மனதை உலுக்கும் காட்சி”, “எதார்த்தமான நடிப்பு”. எந்தக் காட்சி உலுக்கியது என்று எனக்கே நினைவில்லை.

மறுபடி பார்த்தேன், இந்தத் தடவை அம்மாவோடு. அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர், சப்டைட்டில் படிக்க வராது, நடுநடுவே நான்தான் கதை சொன்னேன். சுவரொட்டி ஒட்டும் வேலைக்கு சைக்கிள் வேண்டும், சைக்கிளோ அடகில், அதை மீட்க நாயகனின் மனைவி மரியா கட்டில் விரிப்புகளை உருவிக்கொண்டுபோய் அடகு வைக்கிறாள். கடை ஆள் அந்த மூட்டையோடு ஏறுகிறார், ஏறிக்கொண்டே இருக்கிறார், மேலே பார்த்தால் அதே மாதிரி மூட்டைகள். அம்மா சொன்னார்: “அவ்வளவு உச்சியில வைக்கிறானே, திருப்ப வரமாட்டாங்கன்னு அவனுக்குத் தெரியும்போல.”

அம்மாவின் கம்மல் ஒவ்வொரு ஜூனிலும் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். என் இரண்டு பக்கத்தில் இல்லாதது அந்த ஒரு வரியில் இருந்தது.

அப்புறம் எழுதும் முறையை மாற்றிக்கொண்டேன். முதல் தடவை பார்க்கும்போது பென்சிலைத் தொடுவதில்லை (ஆமாம், பென்சில்தான், இந்த ஊர் ஈரத்துக்கு அதுதான் நிற்கிறது). இரண்டாம் தடவை தாளின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் கண்ணால் பார்த்தது மட்டும், நிமிடக் கணக்கோடு: யார் கையில் காசு, யாரிடம் போகிறது, கை என்ன வேலை செய்கிறது, யார் நிற்கிறார்கள், யாருக்கு நாற்காலி, கேமரா கிட்டே போகிறதா தள்ளி நிற்கிறதா. “பாவம்”, “கொடுமை” எல்லாம் இடது பக்கம் வரக்கூடாது. வலது பக்கம் எனக்குத் தோன்றியது, வீட்டில் யாராவது சொன்னது. நாயகனாக நடித்த லம்பெர்த்தோ மஜ்ஜொரானி நிஜத்தில் ஆலைத் தொழிலாளி என்பது போன்ற வெளித் தகவலைக் கடைசிப் பக்கத்தில் தனியாக வைக்கிறேன். இல்லாவிட்டால் அதைத் தெரிந்துகொண்ட பெருமையிலேயே படம் கண்ணில் படாமல் போகிறது.

போன வாரம் பிரிட்டிஷ் இயக்குநர் கென் லோச்சின் ‘ஐ, டேனியல் பிளேக்’ (2016) படம் பார்த்தோம். இலவச உணவு கொடுக்கும் இடத்தில், பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் பட்டினி கிடந்த கேட்டி அங்கேயே நின்று டப்பாவைத் திறந்து கையில் கொட்டிச் சாப்பிடுகிறாள். இடது பக்கம் அதை அப்படியே எழுதினேன். வலது பக்கம்: “அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை.”