லிஃப்ட் பண்ணின ஜீப்பின் பிரேக் எத்தனை மழை தாங்கும்?

சக்கரத்தோடு சுற்றுகிற பெரிய டிஸ்க், அதைக் கடிக்கிற விலை கூடிய பேட், பிரேக் ஆயில் போகிற ஸ்டீல் பின்னல் ஹோஸ் எல்லாம் மாட்டியாச்சு, இனி எத்தனை கிலோமீட்டருக்குக் கவலை இல்லை என்று கேட்கிறவர்களுக்கு நான் கிலோமீட்டரில் பதில் சொல்வதில்லை. எத்தனை மழை தாங்கும் என்றுதான் சொல்வேன். குமரி மாவட்டத்தில் எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை ஒன்று, ஐப்பசி மழை ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். பேட் தேய்ந்து தீரும் முன்னாடியே இந்த இரண்டு மழையும் கடல் காற்றும் சேர்ந்து பிரேக்கின் மற்ற பாகங்களைத் தின்றுவிடும்.

என்னுடையது பழைய டீசல் மஹிந்திரா தார் ஜீப். வீடு முட்டம் பக்கம், அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில். ரப்பர் தோட்டம் குலசேகரத்துக்கு மேலே சரிவில் இருக்கிறது. தோட்டத்துப் பாதையில் செம்மண், உருண்டைக் கல், குறுக்கே ஓர் ஓடை. ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது அடி தட்டக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டு இஞ்ச் தூக்கினேன். கம்பெனி டயர் 235/70 ஆர்16. இப்போது கிடப்பது 265/75 ஆர்16.

டயர் மாறியதுமே பிரேக்கின் கணக்கு மாறிவிடும். பழைய டயரின் விட்டம் சுமார் 735 மில்லிமீட்டர், புதியது சுமார் 804. ஒன்பது சதவீதம் பெரிசு. பேட்டை டிஸ்க்கோடு அழுத்துகிற காலிபர் கொடுக்கிற பிடி அப்படியேதான் இருக்கும், ஆனால் தரையில் வண்டியை நிறுத்துகிற விசை அந்த அளவுக்குக் குறையும். போதாததற்கு டயரின் எடையும் கூடுதல், சுற்றிக்கொண்டிருப்பதை நிறுத்தவே தனியாகப் பிரேக் வேண்டும். வண்டி உயர்ந்ததால் பிரேக் போடும்போது எடை முன்பக்கம் சாய்வதும் அதிகம். பின் சக்கரம் லேசாகிவிடும், பாரமெல்லாம் முன் டிஸ்க் தலையில் விழும். லிஃப்ட் பண்ணின வண்டியில் முன் பேட் சீக்கிரம் போவதற்கு இதுதான் காரணம். பேட் கம்பெனியைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

அதனால்தான் முன்பக்கம் பெரிய டிஸ்க்குக்கு மாறினேன். இரும்பு கூடினால் சூட்டை வாங்கிக்கொள்ளும் சக்தி கூடும். பேட் கடிக்கும் இடம் சக்கர மையத்திலிருந்து தள்ளிப் போவதால், அதே மிதிக்குக் கூடுதல் பிடி கிடைக்கும். இழந்த ஒன்பது சதவீதத்தைத் திரும்ப வாங்கியது போலத்தான். ஓட்டை போட்ட டிஸ்க்கை வேண்டாம் என்றேன். செம்மண் அந்த ஓட்டைகளில் போய்க் காய்ந்து அடைத்துக்கொள்ளும், சூட்டில் ஓட்டையின் விளிம்பில் விரிசலும் விடலாம். கோடு போட்ட டிஸ்க் சேற்றை வழித்துத் தள்ளும். அதற்குப் பதிலாகப் பேட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்க்கும், அது எனக்குச் சம்மதம்தான். பேட், உலோகத்தூள் கலந்த செமி மெட்டாலிக்.

சரி, கிலோமீட்டர் கணக்கே வேண்டும் என்றால், எனக்கு முன் பேட் ஒரு செட் 25,000 முதல் 30,000 வரை வருகிறது. ஒரு ஜோடி டிஸ்க் இரண்டு செட் பேட்டைத் தாங்கும். டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்ச தடிமன் எவ்வளவு என்று அச்சடித்திருப்பார்கள், அதற்குக் கீழே போனால் லேத்தில் போட்டுச் சீவுகிற பேச்சே கூடாது, மாற்றிவிட வேண்டும். இன்னொன்று. பெரிய டயர் போட்ட வண்டியில் ஓடோமீட்டர் குறைத்துக் காட்டும். மீட்டரில் 10,000 என்றால் வண்டி உண்மையில் 10,900-க்கு மேல் ஓடியிருக்கும். மீட்டரைச் சரி பண்ணாமல் இரண்டு பேர் பேட் ஆயுளை ஒப்பிட்டுப் பேசுவது வீண்.

இனி மழைக் கதைக்கு வருகிறேன். ஓர் எடவப்பாதி முடிந்த சமயம், இடது முன் சக்கரத்தில் மட்டும் கருகல் வாடை. தக்கலையில் நான் வழக்கமாகப் போகிற ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம். வெளிப் பேட் ஏழெட்டு மில்லிமீட்டர் இருந்தது. உள் பேட்டில் மூன்றுகூடத் தேறாது. ஒரே காலிபரில், ஒரே நாளில் மாட்டின பேட்கள்.

"அண்ணே, புது பேட் ஆச்சே, இப்படிப் போகுமா?" என்றேன் மெக்கானிக்கிடம்.

"பேடு மேல என்ன குத்தம் மக்கா? பின்னுல்லா புடிச்சிக் கெடக்கு, பாரு" என்று காலிபர் நகர்கிற ஸ்லைடு பின்னைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். அசையவில்லை. டபிள்யூ.டி. 40 அடித்து, திருகித் திருகி வெளியே எடுத்தார். அந்தப் பின்னை மூடியிருக்கிற ரப்பர் உறையான பூட்டின் மடிப்பில் நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல். அது வழியாகப் புகுந்த சேறு, உள்ளே இருந்த கிரீஸோடு கலந்து காபிப்பொடி நிறத்தில் பசையாகிக் கிடந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்றது. ஸ்லைடு பின் நகராததால் காலிபர் திரும்பி வரவில்லை, பிஸ்டன் பக்கத்து உள் பேட் மட்டும் ஓடுகிற நேரமெல்லாம் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. பூட்டின் விலையோ பேட் செட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அப்போதிருந்து ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் நான்கு பின்களையும் கழற்றித் துடைத்து, சிலிகான் கிரீஸ் போட்டு மாட்டுகிறோம். சாதாரண சேசிஸ் கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பிவிடும். பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுகிற பிளீடிங் நிப்பிளையும் அப்போதே மெக்கானிக் கால் சுற்றுத் திறந்து மூடி, மேலே ரப்பர் மூடி போட்டுவிடுவார். கடலோரத்தில் நிற்கிற வண்டியில் நிப்பிள் துருவேறி இறுகி, பிறகு திறக்கும்போது முறிந்து போகும். முறிந்தால் காலிபருக்கே செலவு.

கடலோரம் என்றதும் மணவாளக்குறிச்சி மணலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கறுத்துக் கிடக்கிற அந்த மணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் சிர்க்கானும் உண்டு. கார்னெட் உப்புத்தாள் செய்யப் பயன்படுகிற கல். அது பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே சிக்கினால் டிஸ்க்கில் வட்டம் வட்டமாகக் கோடு விழும், நகத்தால் தடவினாலே தெரியும். ரீல்ஸ் எடுக்கக் கடற்கரையில் ஜீப்பை இறக்குகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இறக்கியே தீருவோம் என்றால், அன்றைக்கே நல்ல தண்ணீரில் சக்கரத்தின் உள்பக்கம் வரை அடித்துக் கழுவுங்கள். ஆனால் டிஸ்க் கொதிக்கும்போது தண்ணீர் அடிக்காதீர்கள், ஆறட்டும்.

பிரேக் ஆயிலுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டு. அது ஈரத்தை உறிஞ்சுகிற சாமான். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த உத்தரவாதம் 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் மிதி உள்ளே போய்விடும். நம்ம ஊர் ஈரக்காற்றில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரே ஆயிலை நம்பி மலையிறங்க நான் தயாரில்லை.

மலையிறங்குவதில் ஒரு கணக்குச் சொல்கிறேன். இரண்டு டன் எடையுள்ள வண்டி 300 மீட்டர் உயரம் இறங்கும்போது, பிரேக்கை மட்டுமே நம்பினால் அது வாங்குகிற சூடு, நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏழெட்டு முறை முழுசாக நிறுத்துகிற சூட்டுக்குச் சமம். எவ்வளவு பெரிய டிஸ்க் ஆனாலும் இதை நித்தம் தாங்காது. நான்கு சக்கரமும் மெதுவாக, வலுவாகச் சுற்றுகிற ஃபோர் லோவில் முதல் கியரோ இரண்டாவதோ போட்டு இன்ஜின் பிடியில் இறங்கினால் மிதிக்க வேண்டிய வேலையே கொஞ்சம்தான். தோட்டத்து ஷீட்டை ஏற்றி இறக்கும் பழைய டிரைவர்கள் இப்படித்தான் இறங்குவார்கள், அவர்கள் வண்டியில் கம்பெனி பேட்டே எத்தனையோ காலம் வரும்.

லிஃப்ட் பண்ணும்போதே பார்க்க வேண்டியது ஹோஸ். ஒரு சக்கரம் குழியில் தொங்கும்போது பழைய ஹோஸ் விறைத்து நிற்கும், சில மாதத்தில் நுனியில் கசியும். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை முழுசாகத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பாருங்கள். ஹோஸில் தொய்வு இருக்க வேண்டும். பின் ஆக்சிலோடு கம்பி போட்டு இணைத்த பிரஷர் வால்வு உள்ள வண்டியென்றால் அதன் பிராக்கெட்டையும் மாற்றி அமைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வண்டி உயர்ந்ததை அது காலி வண்டி என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்துவிடும். அப்புறம் முன் பேட் இன்னும் சீக்கிரம் கரையும்.

பின் சக்கரத்து டிரம் பிரேக்கை நான் மாற்றவில்லை. ஓடை கடந்ததும் நூறடி தூரம் மிதியை லேசாக அழுத்தி ஓட்டினால் டிரம்முக்குள் உரசுகிற லைனர் காய்ந்துவிடும். சேறுதான் தொல்லை, உள்ளே புகுந்தால் வெளியேற வழி கிடையாது. டிரம்மைக் கழற்றித்தான் தட்ட வேண்டும், லைனரைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் பூட்டை விலக்கிக் கசிவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த முறை வலது பக்கம் லேசாக ஈரம் கண்டது. ஐப்பசி மழை பிடிக்கும் முன் இரண்டு சிலிண்டரும் லைனரும் சேர்த்தே மாற்றச் சொல்லியிருக்கிறேன்.